கழுவிக் கொட்டிய நீர்

அக்காவின் வலது முழங்காலுக்குள் யாரோ குடியேறிவிட்டார்கள் என்று முதலில் சொன்னவள் அக்காதான்.

"வாடகையும் குடுக்க மாட்டேங்குது, காலியும் பண்ண மாட்டேங்குது. மருந்துன்னு நோட்டீஸ் அனுப்பினா அத வாங்கி வச்சுக்கிட்டு இன்னும் நாலு பேரக் கூட்டிட்டு வந்து தங்க வைக்குது டாக்டர்."

எலும்பு டாக்டர் ஊசிக் குழாயைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற ஆள் இல்லை அவர். குழாயில் முழங்காலிலிருந்து உறிஞ்சிய திரவம் இருந்தது. தெளிவாக இருக்க வேண்டியது, பால் கலந்த தேநீர்போல் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற தங்கை அதைப் பார்த்தாள், பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

அக்கா நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பணிமனையில் அவளுக்குத் தாலாட்டு என்று பட்டப்பெயர். அவள் வண்டியில் ஏறினால் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நிற்பவர்கூடத் தூங்கிவிடுவார் என்பார்கள். சிவப்பு விளக்கைத் தூரத்திலேயே பார்த்து, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, வண்டி நின்றதே தெரியாமல் நிறுத்துவாள். அப்படி வருஷக்கணக்கில், பழைய வண்டிகளின் இறுகிப்போன பிரேக்கை மிதித்து மிதித்தே அந்த மூட்டு தேய்ந்தது. உலோக மூட்டு வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் முழங்கால் சூடாயிற்று, சிவந்தது, வீங்கியது. திறந்து கழுவினார்கள். மூட்டை மாற்றினார்கள். மறுபடியும் சூடாயிற்று.

தங்கைக்கு அதன் காரணம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவள் சோறு தின்பதே அந்தக் காரணத்தால்தான். தனியாகத் திரியும் கிருமியை மருந்து அடித்துப் போட்டுவிடும். அதுவே உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, கூட்டம் சேர்த்து, தன்னைச் சுற்றி ஒரு வழவழப்பான படலத்தை நெய்துகொண்டால் கதை வேறு. மழைக்கோட்டின் மேல் மழை வழிவதுபோல மருந்து மேலோடு வழிந்து போகும். அடியில் அவை பாட்டுக்கு நிம்மதியாக இருக்கும்.

"குளியலறைத் தரை வழுக்குதுல்ல, அந்த மாதிரிக்கா," என்று வீட்டில் அக்காவுக்கு விளக்கினாள். "தண்ணிய ஊத்தினா போகாது. தேய்க்கணும். முட்டிக்குள்ள கைய விட்டுத் தேய்க்க முடியாதுல்ல, அதனால சத்தத்த அனுப்பித் தேய்க்கிறோம். படலம் விட்டுக் குடுத்ததும் மருந்து உள்ள போயிடும்."

"சத்தமா? சொல்லியிருந்தா நானே ஹாரன் அடிச்சிருப்பேனே."

"இது காதுக்குக் கேக்காத சத்தம்."

"அப்போ உங்க மாமா என்கிட்ட எதிர்த்துப் பேசுவாரே, அந்தச் சத்தம்."

மாமா, அக்காவின் கணவர், பணிமனையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் எங்க பேசினேன்?" என்றார். "அதத்தான் சொல்றேன்," என்றாள் அக்கா. அந்த வீட்டில் அப்படி மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அந்தக் காலத்தில்தான் கடைசி. பின்னாளில் தங்கைக்கு அந்தச் சிரிப்பு வேறொருவர் வீட்டு ஜன்னலில் தெரிந்த வெளிச்சம்போல நினைவுக்கு வரும்.

ஏனென்றால் எலும்பு டாக்டர் ஏற்கெனவே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டிருந்தார். இன்னொரு மூட்டு வைக்க எலும்பில் இடமில்லை. கிருமி ரத்தத்தில் கலந்தால் ஆளே போய்விடும். காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. ஆய்வகமும் மருத்துவமனையும் சேர்ந்து தொடங்கவிருந்த சோதனைச் சிகிச்சை அது. ரத்தத்தில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே தோலின் மேல் ஒரு கருவியை வைத்து உள்ளே சத்தத்தை அனுப்புவது. அக்காதான் முதல் ஆள்.

அதற்கு ஆதாரம் தங்கையின் கையில் இருந்தது. மூட்டு செய்யும் அதே உலோகத்தில் காசு அளவுக்கு வில்லைகள். அவற்றின் மேல் அக்காவின் முழங்காலிலிருந்து எடுத்த கிருமிகளையே வளர்த்தாள். படலம் பிடித்ததும் மருந்தில் போட்டாள். பாதி வில்லைகளுக்கு மருந்து மட்டும், பாதிக்கு மருந்தும் சத்தமும். பிறகு வில்லையை எடுத்து உப்பு நீரில் மென்மையாக அலசி, அந்த நீரைக் கொட்டிவிட்டு, வில்லையில் மிச்சமிருக்கும் உயிரை எண்ணுவது. மருந்து மட்டும் பட்ட வில்லைகளில் பயிர் மாதிரி முளைத்தது. சத்தம் பட்டவற்றில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆய்வகத் தலைவி, எல்லோருக்கும் மேடம், தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "உங்க அக்கா பஸ்ஸுல எனக்கு ஒரு சீட்டு போட்டு வைக்கச் சொல்லு," என்றார்.

அந்த அலசல் தங்கை கொண்டுவந்ததுதான். முன்பு வெறும் மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் எழுதி வைத்த முறை. வில்லையில் ஒட்டாமல் சும்மா மிதப்பவை கணக்கைக் கெடுக்கும், அதனால் அலசிக் கொட்ட வேண்டும். யாரும் கேள்வி கேட்காத முறை. பல் துலக்குவதுபோலக் கை தானாகச் செய்தது. கொட்டுவதும் சும்மா கொட்டுவதில்லை. கண்ணாடிக் குடுவையில் கிருமிக்கொல்லி காத்திருக்கும், அதில்தான் ஊற்றுவார்கள். அந்த வார இறுதியில் கிருமிக்கொல்லி கேன் காலியாக இருந்தது. அலசிய நீரை இரண்டு வெற்றுக் குடுவைகளில் ஊற்றி, மேலே பெயரை எழுதி, சேமிப்பறைக்குப் போய் கேன் கொண்டுவரலாம் என்று திரும்பியபோது தொலைபேசி அடித்தது.

"ஏய், வைத்தியத்துக்குத் தேதி குடுத்துட்டாங்கடி! பணிமனைக்கு வா. டீ வாங்கித் தர்றாங்க எனக்கு. ஓசி டீ. விடாத."

குடுவைகளை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

பணிமனையில் நிறுத்திவைத்திருந்த ஒரு வண்டியில் அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஊன்றுகோல் படியில் சாய்ந்திருந்தது. சுற்றி நின்ற ஓட்டுநர்கள் அவளைக் கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். "தாலாட்டு இல்லாம ஜனங்க முழிச்சிக்கிட்டே வர்றாங்கம்மா, கம்ப்ளெயிண்ட் மேல கம்ப்ளெயிண்ட்," என்றார் ஒருவர். இயந்திரம் அணைந்திருந்த வண்டியில் அக்கா பிரேக்கின் மேல் காலை வைத்து, வலியில் உதட்டைக் கடித்தபடி, மெல்ல அழுத்திப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். தங்கை பார்த்தாள்.

விடுமுறை முடிந்து ஆய்வகக் கதவைத் திறந்தபோதே நாற்றம் தெரிந்தது. மேசைமேல் அந்த இரண்டு குடுவைகளும் இருந்தன. மருந்து மட்டும் பட்ட வில்லையை அலசிய நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. சத்தமும் மருந்தும் பட்ட வில்லையை அலசிய நீர் கலங்கியிருந்தது. பால் கலந்த தேநீரின் நிறம்.

பெயரை மாற்றி எழுதியிருப்போமோ என்று தங்கை குடுவைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாறவில்லை. ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். செதில் செதிலாக மிதந்தது. சுவரிலிருந்து உரிந்த சுண்ணாம்புப் பொருக்குபோல, படலத்தின் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் தன் வழவழப்பைப் போர்த்திக்கொண்டு, உள்ளே உயிரோடு.

சத்தம் அவற்றைக் கொல்லவில்லை. பெயர்த்து எடுத்திருந்தது, அவ்வளவுதான். பெயர்ந்தவற்றை இவள் அலசிக் கொட்டிவிட்டு, வீடு காலி என்று கணக்கு எழுதியிருந்தாள். வெறும் மருந்தைச் சோதித்த காலத்தில் சரியாக இருந்த அலசல், சத்தம் வந்த பிறகு பொய் சொல்லத் தொடங்கியிருந்தது. வில்லையிலிருந்து பெயர்ந்தால் குடுவைக்குப் போகும். முழங்காலிலிருந்து பெயர்ந்தால் எங்கே போகும்? ரத்தத்துக்கு. அங்கிருந்து இதயத்துக்கு.

அவள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி செய்து பார்த்தாள். இந்த முறை வேண்டுமென்றே அலசிய நீரை வைத்திருந்தாள். மறுபடியும் கலங்கியது. இன்னொரு முறை செய்தாள். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"என்னடி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க?"

"தலைவலிக்கா."

"எனக்கு முட்டி வலி. ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு நோயாளி," என்றாள் அக்கா. சிகிச்சைக்குப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு தளர்வான உடுப்பு வாங்கி வைத்திருந்தாள். எடுத்துக் காட்டினாள். முழங்கால் வரை சுருட்டிக்கொள்ள வசதியாக இருக்குமாம். தங்கை அதைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு," என்றாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். முதலில் மேடத்திடம் சொல்லிவிட்டு, பிறகு நானே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக.

மேடம் குடுவைகளை நெடுநேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "எப்போலேர்ந்து இப்படி அலசுறோம்?" என்று மட்டும் கேட்டார்.

"ஆரம்பத்துலேர்ந்து மேடம். நான் எழுதின முறைதான்."

"நானும் படிச்சேன்ல. நானும்தான் கையெழுத்து போட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பிறகு மருத்துவமனைக்குத் தொலைபேசியை எடுத்தார்.

தங்கை பேருந்து பிடித்து அக்கா வீட்டுக்குப் போவதற்குள் எலும்பு டாக்டர் தொலைபேசியில் அக்காவிடம் சொல்லி முந்திக்கொண்டார். கதவு திறந்தே கிடந்தது. அந்தத் தளர்வான உடுப்பு கட்டிலில் மடித்து வைத்திருந்தது. மாமா சுவரோரமாக நின்றிருந்தார், கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல்.

"வாம்மா," என்றாள் அக்கா. அக்கா அவளை அப்படி அழைத்ததே இல்லை. "ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு. என் முட்டி விஷயம் எனக்குத்தான் கடைசியா."

"நான் வந்து சொல்லலாம்னுதான்க்கா…"

"நேத்து வந்தியே. சாப்பிட்டியே. துணிய நல்லா இருக்குன்னியே."

தங்கை தரையில் உட்கார்ந்தாள். அக்கா அவளை அழவிடவில்லை. முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "இங்க பாரு. அந்த வைத்தியத்த எனக்குப் பண்ணு. நான் எழுதிக் குடுக்கிறேன், யாரும் பொறுப்பில்லன்னு."

"பேந்து வர்றது ரத்தத்துல போகும்க்கா. இதயத்துல போய் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டுமே."

"அக்கா."

"ஒத்தக் கால வச்சுக்கிட்டு நான் என்னடி பண்ணுவேன்? பஸ்ஸுல ஏறி, பின்சீட்ல உக்காந்து, எவனோ பிரேக்கப் போட்டு ஜனங்கள முன்ன தள்ளுறதப் பாத்துக்கிட்டு இருக்கவா?" குரல் உடைந்தது. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அக்காவே சொன்னாள்: "சரி. ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. இனிமே எதையும் என்கிட்ட மறைக்காத. நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் முதல்ல. புரிஞ்சுதா?"

தங்கை அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

யோசிக்க வேண்டிய வேலையைக் காய்ச்சல் அவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. அது ஒரே பகலில் ஏறியது, சாயங்காலத்துக்குள் அக்கா மாமாவை "கண்டக்டர், விசில் குடுங்க" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். தள்ளுகட்டிலில் கொண்டுபோகும்போது நினைவு திரும்பி, எலும்பு டாக்டரின் பச்சைச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அந்த இரும்பக் குப்பையில போட்டுடாதீங்க டாக்டர். என் தங்கச்சிகிட்ட குடுங்க. குடித்தனக்காரங்கள அவ பாத்துக்குவா."

வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அக்கா பிழைத்தாள்.

வாடகைக் காரில் வீடு திரும்பிய பகலை மட்டும் தங்கையால் எதைச் செய்தும் மறக்க முடிந்ததில்லை. அக்கா முன்சீட்டில் இருந்தாள், மடியில் போர்வை. அந்த ஓட்டுநர் முரடன், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கடைசி நொடியில் நிறுத்தினான். ஒவ்வொரு முறையும், அவன் நிறுத்துவதற்கு நன்றாக முன்பே, போர்வைக்கு அடியில் அக்காவின் வலது தொடை மெல்ல இறங்கி அழுத்தியது. இல்லாத பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தது. பின்சீட்டில் மாமா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மூட்டு ஒரு மூடிபோட்ட ஜாடியில் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. தங்கை நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஒரு மனுஷியின் காலையே வாங்கிக்கொண்ட பொருளா இது என்று தோன்றியது. அதைச் சுத்தம் செய்து அலமாரியில் வைத்தாள். அக்காவின் கிருமிகளையும் உறைபெட்டியில் பத்திரமாக வைத்தாள். பிறகு வில்லைகளிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

இந்த முறை ஒரு துளியைக்கூடக் கொட்டவில்லை. அலசிய நீர், கை தவறிச் சிந்திய நீர், குழாயின் நுனியில் தொங்கிய நீர், எல்லாவற்றையும் வளர்த்துப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா நீங்க டீ டம்ளர் கழுவின தண்ணியக்கூட விட மாட்டீங்க போல," என்றாள். தங்கை சிரிக்க முயன்று பார்த்தாள். வரவில்லை. 'அக்கா' என்ற சொல் அவளைப் பார்த்து வரும்போதெல்லாம் அப்படித்தான் ஆயிற்று.

தவறு சத்தத்தின் பலத்தில் இருந்தது என்று மெல்ல மெல்லத் தெரிந்தது. அவர்கள் பலமாக, கொஞ்ச நேரம் அனுப்பியிருந்தார்கள். அது இடித்துத் தள்ளியது. மெல்லிய சத்தமாக, விட்டு விட்டு, நெடுநேரம் அனுப்பினால் படலம் பெயரவில்லை. இருந்த இடத்திலேயே தளர்ந்து துளை விட்டது. அதற்கு முன்பே மருந்தில் நன்றாக ஊறியிருந்தால், அந்தத் துளை வழியே மருந்து உள்ளே போனது. வண்டி நின்றதே தெரியாமல் நிறுத்துவதுபோல. இந்த எண்ணம் வந்த நிமிஷம் அவள் கருவியை அணைத்துவிட்டு வெளியே போய், தாழ்வாரத்தில் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

வில்லைகளில் சரியாக வந்த பிறகு மேடம்தான் சொன்னார்: "நெஜ மூட்டுல பாத்துடலாம். உன்னால முடியலைன்னா நான் பண்றேன்."

"நானே பண்றேன் மேடம்."

அக்காவின் கிருமிகளை உறைபெட்டியிலிருந்து எடுத்து, அக்காவின் மூட்டின் மேலேயே விட்டாள். வெதுவெதுப்பான இடம், வேளா வேளைக்கு உணவு. குடித்தனக்காரர்களைக் கூட்டி வந்து அதே வீட்டில் குடிவைத்தாள். பழைய பழக்கம்போல அவை ஒட்டிக்கொண்டன, படலம் நெய்தன, உலோகத்தின் பளபளப்பு மங்கியது. பிறகு மருந்து. பிறகு காதுக்குக் கேட்காத அந்தச் சத்தம், மெல்ல, விட்டு விட்டு, ஒரு பகல் முழுக்க. அவள் எழுந்திருக்கவில்லை.

மூட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. அலசிய நீரிலும் ஒன்றும் முளைக்கவில்லை. நாள் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். குடுவை தெளிந்தே இருந்தது. அதன் வழியே எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கை எழுத்துகளைப் படிக்க முடிந்தது. மேடம் அவள் தோளில் கை வைத்தார். புதுப் பெண் கைதட்டப் போய், முகங்களைப் பார்த்துவிட்டுக் கைகளை இறக்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பேருந்தில் போகும்போது தங்கை சொற்களை அடுக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். எந்த வரிசையில் அடுக்கினாலும் அவை ஒன்றுதான். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிறுத்தத்தில் தோன்றியது. அடுத்த நிறுத்தத்தில் சத்தியம் நினைவுக்கு வந்தது. எனக்குத்தான் முதல்ல என்று முகவாயைப் பிடித்திருந்த அந்தக் கை.

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கீழே சாலையில் பேருந்துகள் போய்வந்துகொண்டிருந்தன. இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை. செயற்கைக்கால் மூலையில் சுவரில் சாய்ந்திருந்தது, அதன் மேல் மாமா துண்டைக் காயப்போட்டிருந்தார். வீட்டில் அதற்குக் கிடைத்த ஒரே உபயோகம்.

"அந்த மூட்டுல பண்ணிப் பாத்தோம்க்கா," என்றாள் தங்கை.

அக்கா திரும்பினாள்.

"உன் மூட்டுல. உன்கிட்டேர்ந்து எடுத்த கிருமியே. புது முறையில." கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். "ஒண்ணும் மிச்சமில்ல. தண்ணியிலயும் இல்ல. சுத்தமா போயிடுச்சு."

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. மாமா கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. அக்காவின் கண்கள் தங்கையின் முகத்தில் எதையோ தேடின. ஒரு வேடிக்கைப் பேச்சைத் தேடுகிறாள் என்று தங்கைக்குத் தோன்றியது. வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது வைத்திருப்பாள்.

"அப்போ காலு இருந்திருக்கும்," என்றாள் அக்கா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"அப்போ எங்களுக்கு இது தெரியாதுக்கா. தெரியறதுக்கு இவ்ளோ நாளாச்சு. அன்னைக்குப் பண்ணியிருந்தா நீ…"

"தெரியும். செத்திருப்பேன். நீ சொன்னது சரிதான்." அக்கா கையை நீட்டி அவள் தலையைத் தொட்டாள். தடவவில்லை, தொட்டு அப்படியே வைத்திருந்தாள். "எல்லாத்தையும் சொல்லச் சொன்னேன். ஆமா. நான்தான் சொன்னேன்." மூச்சை இழுத்தாள். "ஆனா இத மட்டும் நீ மறைச்சிருக்கலாமேடி."

கையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

தங்கை கட்டிலின் அடியில் தரையில் உட்கார்ந்தே இருந்தாள். கீழே சாலை முனையில் விளக்கு மஞ்சளுக்கு மாறியது. ஒரு பேருந்து வேகம் குறைக்காமல் வந்துகொண்டிருந்தது. அது பிரேக் போடுவதற்கு நன்றாக முன்பே, போர்வைக்கு அடியில் அக்காவின் தொடை மெல்ல, மிக மெல்ல இறங்கியது.